ஜிஆர்இயில் கட்டுரையை எழுதாமல் விட்டவர்கள் இருக்கிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

கோவை இசிஇ மாணவன்:
இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் எம்எஸ் படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். அதற்குக் கேட்கும் ஜிஆர்இ தேர்வுக்குத் தேதியும் வாங்கியாகிவிட்டது. குவான்ட் (கணக்கு) நன்றாக வருகிறது, வெர்பல் (ஆங்கிலம்) பரவாயில்லை. கட்டுரைதான் உதைக்கிறது. "இன்ஜினியரிங்கில் அந்த மார்க்கை யாரும் பார்ப்பதில்லை. அதை வெறுமனே விட்டுவிட்டு, தலையைக் குழப்பிக்கொள்ளாமல் குவான்டுக்குத் தெம்பாகப் போ" என்று கோச்சிங்கில் ஒரு அண்ணா சொல்கிறார். அப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால், அப்புறம் என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

சேலத்துக்காரி:
தம்பி, என் அறைத்தோழி அப்படித்தான் செய்தாள். குவான்டில் அவளுக்கு என்னைவிட நல்ல மார்க். ஆனால் ஸ்கோர் ரிப்போர்ட்டில் கட்டுரைக்கு நேரே எண்ணே இல்லை, 'என்எஸ்' என்று இருந்தது. ஸ்கோர் கிடையாது என்று அர்த்தம். அவள் விண்ணப்பித்த ஒரு டிபார்ட்மென்ட் எதுவும் கேட்காமல் இடம் கொடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவள் மிகவும் ஆசைப்பட்ட இடத்திலிருந்து, மூன்று பகுதிக்கும் ஸ்கோர் இருந்தால்தான் விண்ணப்பம் முழுமையாகும் என்று மெயில் வந்தது. மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும். எழுதினாலும் ஸ்கோர் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்தவள் நான்.

இதோடு முடியவில்லை. ஜிஆர்இ ஸ்கோர் 5 வருஷம் செல்லும். எம்எஸ் முடித்துவிட்டுப் பிஎச்டிக்கு விண்ணப்பித்தபோதும் அவளிடம் இருந்தது அதே ரிப்போர்ட்தான். ஒரு தேர்வில் குவான்டையும் இன்னொரு தேர்வில் கட்டுரையையும் எடுத்து ஒட்டி அனுப்ப வழியில்லை. ஒரு தேதியில் எழுதியது முழுதாகத்தான் போகும். இன்றைக்கு எம்எஸ் மட்டும் போதும் என்று நினைத்தாலும், மூன்று வருஷம் கழித்து உன் மனசு என்ன கேட்கும் என்று இப்போது யாருக்குத் தெரியும்?

ஜிமேட் எழுதிய பழைய ஆள்:
அந்த அண்ணா சொல்லும் யோசனை எங்கள் காலத்தில், எம்பிஏவுக்கான ஜிமேட் தேர்வு எழுதியவர்களிடம் ரொம்பப் பிரபலம். அப்போது கட்டுரைதான் முதலில் வரும். அதன் மார்க் 800க்கான மொத்தத்தில் சேராது. அதனால் நாலு வரி தட்டிவிட்டுச் சக்தியைச் சேமித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 2017இல் பகுதிகளின் வரிசையை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று வந்த பிறகு, பலர் கட்டுரையைக் கடைசிக்குத் தள்ளினார்கள். 2023 நவம்பரில் வந்த புது ஜிமேட்டில் கட்டுரையே இல்லை.

ஜிஆர்இயிலும் முன்பு இரண்டு கட்டுரை, ஒரு மணி நேரம். மொத்தத் தேர்வு மூன்றே முக்கால் மணி. அந்தக் களைப்பு எனக்குத் தெரியும், அதனால் அன்றைக்கு அப்படிச் சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2023 செப்டம்பர் 22 முதல் ஒரே கட்டுரைதான், 30 நிமிஷம். மொத்தமே 1 மணி 58 நிமிஷம். இவ்வளவு சின்னத் தேர்வில் களைப்பைக் காரணம் காட்டி ஒரு பகுதியையே காலியாக விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்எஸ்:
எனக்குக் கட்டுரையில் 6க்கு 3 தான் வந்தது. இடம் கிடைத்தது, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறைந்த மார்க் வேறு, மார்க்கே இல்லாதது வேறு.

வரலாறு படிக்க வந்தவள்:
எங்கள் பக்கம் நிலைமை நேர் எதிர். நான் பேசிய பேராசிரியர் குவான்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, கட்டுரை மார்க்கைத்தான் கேட்டார். இன்னொன்று, நீங்கள் ஸ்கோர் அனுப்பும் பல்கலைக்கழகங்கள் அந்தக் கட்டுரையையே திறந்து படிக்க முடியும். எஸ்ஓபியை, அதாவது ஏன் படிக்க வருகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்புவதை, பத்துப் பேர் திருத்திக் கொடுக்கலாம். இதை நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதியது என்று அவர்களுக்குத் தெரியும்.

சேலத்துக்காரி:
பயம்தான் பிரச்சினை என்றால் அதற்கு வழி இருக்கிறது தம்பி. வரக்கூடிய தலைப்புகள் எல்லாவற்றையும், தேர்வை நடத்தும் ஈடிஎஸ் தன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. கல்வி, அரசு, தொழில்நுட்பம், கலை என்று பொதுவான விஷயங்கள்தான். மொத்தத்தையும் மனப்பாடம் செய்யாதே. சிலவற்றை எடுத்து, நீ எந்தப் பக்கம், ஏன், எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்று மட்டும் யோசித்துப் பார். உதாரணம் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கல்வியில் அரசின் பங்கு பற்றி வந்தபோது நான் காமராஜரின் மதிய உணவுத் திட்டத்தையும், 1982இல் எம்ஜிஆர் அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கியதையும் எழுதினேன். நமக்குத் தெரிந்ததை எழுதும்போது வாதம் தானாக வரும்.

நோட்பேடில் தட்டிப் பழகு, தேர்வில் எழுத்துப்பிழை காட்டும் வசதி கிடையாது. சின்னச் சின்னப் பிழைக்கு மார்க்கைப் பிடுங்க மாட்டார்கள். ஒரு மனிதரும் ஒரு கணினி நிரலும் மதிப்பிடுகிறார்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு மனிதர் பார்ப்பார். ஆனால் கோச்சிங்கில் கொடுக்கும் ரெடிமேட் பத்திகளை அப்படியே இறக்காதே. கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வைத்திருக்கிறார்கள், மாட்டினால் ஸ்கோரையே ரத்து செய்யலாம்.

கோவை இசிஇ மாணவன்:
நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: அன்றைக்கு ஒன்றுமே ஓடவில்லை என்றால், கேள்வியையே திருப்பித் தட்டி வைத்தால் 'என்எஸ்' வராமல் தப்பிக்கலாமா?

ஜிமேட் எழுதிய பழைய ஆள்:
வேண்டாம். கேள்வியை மட்டும் நகலெடுத்தாலும், தலைப்புக்குச் சம்பந்தமில்லாமல் எழுதினாலும், ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதினாலும் 0 போடுவார்கள். ஒன்றும் ஓடாவிட்டால், உன் நிலைப்பாட்டை ஒரு வரியில் எழுது. அப்புறம் ஒரு காரணம், அதற்கு ஓர் உதாரணம். மீதி நேரத்தில் எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்று எழுதி அதற்குப் பதில் சொல். இந்த வாரக் கடைசியில் ஈடிஎஸ் பட்டியலிலிருந்து ஏதாவது ஒரு தலைப்பை எடுத்து எழுதி இங்கே போடு, நானும் சேலத்து அம்மணியும் படித்துப் பார்க்கிறோம்.