சனி ஞாயிறு முழுக்கத் தூங்கியும் திங்கட்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்

செந்தூல்வாசி:
வணக்கம். வயது 31. கோலாலம்பூர் செந்தூலில் அம்மாவோடு இருக்கிறேன், கணக்குப் பிரிவில் வேலை. ஆட்டிசம் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆபீசில் யாருக்கும் தெரியாது.

முன்பு மூன்று பேர் இருக்கும் அறை. ஜனவரியில் எல்லாரையும் ஒரே ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். தலைக்கு மேல் ஏர்கோன், முதுகுக்குப் பின்னால் பிரிண்டர். கணக்கு எனக்குப் பாரமே இல்லை. பேசுகிறவர் கண்ணைப் பார்ப்பது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது, மதியம் கூட்டமாக மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போவது, இதில்தான் உயிர் போகிறது. மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறி வீடு சேர்வதற்குள் பேச்சு நின்றுவிடும். அம்மா கோபம் என்று நினைக்கிறார்.

போன ஞாயிறு ரசம் தாளித்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து வைக்கிற ரசம். கடுகு வெடித்துவிட்டது, கையில் கறிவேப்பிலை, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கடுகு கருகிப் புகை வரும்வரை அப்படியே நின்றேன். அம்மா வந்துதான் அடுப்பை அணைத்தார். எனக்குப் பயமாக இருக்கிறது.

எப்படி ஓய்வெடுக்கிறீர்கள்? மேனேஜரிடம் சொல்லலாமா?

பட்டர்வொர்த் அண்ணன்:
தங்கச்சி, ரசம் உங்களுக்கு, மோட்டார் எனக்கு. தினமும் போகிற ரோட்டில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இது சோம்பல் இல்லை. ஆட்டிசச் சோர்வு (autistic burnout) என்பார்கள். ஆய்வாளர் டோரா ரேமேக்கரும் அவர் குழுவும் இதைப் பற்றி ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு 2020இல் எழுதியிருக்கிறார்கள்: தீராத சோர்வு, கைவந்த வேலை கைவிட்டுப் போவது, சத்தம் வெளிச்சம் தாங்காமல் போவது. பொதுவாக மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்குமாம். இரண்டு நாள் தூக்கம் எந்த மூலைக்கு?

எனக்குக் கை கொடுத்தது, வேலையைக் குறைத்ததைவிட நடிப்பைக் குறைத்ததுதான். மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன். கல்யாணத்துக்குப் போனால் மொய் வைத்துவிட்டுப் பந்திக்கு முன்பே கிளம்பிவிடுவேன். குறை சொல்லிப் பேசினார்கள், பேசிவிட்டுப் போகட்டும். சாயங்காலம் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெர்ரியில் திரும்புகிறேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

மேனேஜரிடம் ஆட்டிசம் என்ற வார்த்தையே இல்லாமலும் கேட்கலாம். 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை நேரம், நாள், இடம் இவற்றை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் ஏழு மணிக்குத் தொடங்கி நாலுக்கு முடிக்கக் கேட்டேன், கிடைத்தது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை தாங்குவாயாம்மா? முதலில் டாக்டரைப் பார், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடு. மனச்சோர்வும் கூடச் சேர்ந்திருக்கலாம், அதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டிசத்தையும் மறைக்காமல் சொல். நான் சொல்லாமல் விட்டேன். "வெளியே போங்கள், நாலு பேரோடு பழகுங்கள்" என்று அனுப்பினார்கள். போனேன், படுத்த படுக்கையாகிவிட்டேன்.

ஓக்கேயூ (மாற்றுத்திறனாளி) கார்டு கட்டாயமில்லை, மெதுவாக யோசிக்கலாம்.

அம்மாவிடம் பேச வாய் வராத நாளுக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள். எங்கள் வீட்டில் சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால், "இன்றைக்குப் பேச முடியாது, யார்மேலும் கோபமில்லை" என்று அர்த்தம்.

செந்தூல்வாசி:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. டாக்டரைப் பார்த்தேன், மூன்று நாள் எம்சி. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன், வியாழன் கொடுக்கிறேன். நேற்று டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மோர்சாதம் பிசைந்து பக்கத்தில் வைத்தார், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.