பி.எம். கிசான் பட்டியலைக் கேட்டால் விரட்டுகிறார்கள், கேட்கக்கூடாதா?

கண்மாய்க்கரை (கல்லல் பக்கம்):
எங்களுடையது கண்மாய்ப் பாசனம், மழை பெய்தால் ஒரு போகம் நெல், அவ்வளவுதான். நான் உழுவது குத்தகை நிலம், பட்டா சென்னையில் இருக்கும் குடும்பத்தின் பெயரில். மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் பணம், நான்கு மாதத்துக்கு 2000 வீதம் வருடத்துக்கு 6000, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான், உழுகிறவனுக்கு இல்லை. சரி, போகட்டும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவருக்கு வருகிறது என்று டீக்கடையில் பேச்சு. பொய்யாகவும் இருக்கலாம் என்று அதிகாரிகளிடம் பயனாளிகள் பட்டியலைக் கேட்டேன். "அதெல்லாம் தனிநபர் விவரம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

புதுவயல் தம்பி:
அண்ணே, அதைப் போனிலேயே பார்க்கலாமே! பி.எம். கிசான் தளத்தில் பயனாளிகள் பட்டியல் என்று இருக்கும், மாநிலத்தில் தொடங்கி கிராமம் வரை தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வந்துவிடும். பெயர்களை ஆங்கிலத்தில் கடித்துக் குதறி வைத்திருப்பார்கள், கருப்பையாவா கருப்பாயியா என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4-ம் பிரிவே மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-ம் பிரிவில் தனிநபர் விவரம் பற்றிய ஓர் உட்பிரிவைத்தான், 4-ல் கைவைக்கவில்லை. அதைச் சாக்காகச் சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய காரைக்குடி:
2020 மறந்துபோச்சா? கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்தே தகுதியில்லாதவர்களை இந்தப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள், தமிழ்நாடு முழுக்க 5 லட்சத்துக்கு மேல், தொகை சுமார் 110 கோடி, சிபிசிஐடி விசாரணை வரை போனது. யாருக்கு எந்தக் கண்மாயில் எத்தனை வயல் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தளத்தில் போட்டுவிட்டோம் என்றால் போதுமா? கிராம சபையில் உரக்க வாசிக்கட்டும், அன்றைக்கே பாதி கழன்றுவிடும்.

தேவகோட்டை டூ பிராங்பர்ட்:
உரக்க வாசித்தால் வட்டிக்காரரும் கேட்பாரே ஐயா, 2000 ஏறுகிற நாளில் வாசலில் வந்து நிற்பார். இங்கே ஐரோப்பாவில் மானியம் வாங்கிய விவசாயிகளின் பெயரையும் தொகையையும் இணையத்தில் போட்டார்கள், ஜெர்மனி விவசாயி ஒருவர் வழக்குக்குப் போக, 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தனிநபர்கள் விஷயத்தில் அது அளவுக்கு மீறியது என்று சொல்லிவிட்டது. பிறகு சிறு தொகை வாங்குபவர்களின் பெயரை மட்டும் மறைத்து மறுபடி வெளியிட்டார்கள். நம் ஊரில் எல்லாருக்கும் ஒரே 6000, அதனால் அந்த வழி நமக்கு உதவாது. பெயரும் சர்வே எண்ணும் போதும், வங்கிக் கணக்கு, ஆதார், போன் நம்பர் வெளியே வரக்கூடாது.

கண்மாய்க்கரை:
பார்த்துவிட்டேன். அந்த ஆள் பெயர் இல்லவே இல்லை, பாவம், சும்மா இருந்தவரை என்னவெல்லாம் பேசினோம். ஆனால் போன வருடம் இறந்துபோன ஒருவர் பெயர் இருக்கிறது. அவர் வீட்டு ஆச்சிதான் எங்களுக்கு நாற்றங்காலுக்கு இடம் விடுகிறவர். நான் போய் எப்படிக் கேட்பது?

புதுவயல் தம்பி:
குறை சொல்கிற மாதிரி போகாதீர்கள் அண்ணே. பட்டாவை வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டால் ஆச்சியே முறைப்படி விண்ணப்பிக்கலாம். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்குத்தான் கிடையாது, வாரிசாக வந்ததற்கு உண்டு. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.