நாலு பெட்டி பழைய கார் சாமான் வந்திருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது?

ஸ்டார்ட்டிங் ஹேண்டில்:
எங்கள் பழைய கார் கிளப்பில் ஆவணப் பொறுப்பு போன மாதம் என் தலையில் விழுந்தது. காலமான ஓர் உறுப்பினரின் வீட்டிலிருந்து நாலு அட்டைப்பெட்டி வந்திருக்கிறது. கிரீஸ் அப்பிய சர்வீஸ் மேனுவல்கள், ரேலி பேட்ஜ்கள், ஒரு வெள்ளிக் கோப்பை, ரப்பர் பல்பு ஹாரன், டேஷ்போர்டு கடிகாரம், ஒட்டும் பக்கங்கள் வைத்த போட்டோ ஆல்பம், ஒரு தகர டப்பா நிறைய நெகட்டிவ். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை குப்பென்று அடிக்கிறது.

மேனுவல்களை லேமினேட் செய்யலாம் என்கிறார் செயலாளர். எல்லாவற்றையும் ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில் அடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். என் பங்குக்கு நானும் ஆர்வக்கோளாறில் ஒரு பேட்ஜை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். நிக்கல் போய் பித்தளை இளிக்கிறது. அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பழைய லெட்ஜர்:
முதலில் அந்த டப்பா. இன்றைக்கே வேறு அறைக்குக் கொண்டு போங்கள். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய ஃபிலிம் சிதையும்போது வரும் அசிட்டிக் அமிலம்தான் அந்த வாடை. பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுத்துவிடும். இறுக்கி மூடி வைத்தால் சிதைவு இன்னும் வேகமாகும். நெளிந்து சுருங்குவதற்குள் ஸ்கேன் செய்யுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

லேமினேட் வேண்டவே வேண்டாம், போட்டால் போட்டதுதான். அமிலமில்லாத காகித உறையோ பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையோ போதும், பி.வி.சி. மட்டும் கூடாது. நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு போட்ட வரைபடம் ஏதாவது இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அமிலமில்லாத காகிதம் என்று விற்பதில் பலவற்றில் காரம் சேர்த்திருப்பார்கள், ப்ளூபிரிண்டுக்கு அது ஆகாது, நீலம் வெளுத்துவிடும். எனக்கே இது லேட்டாகத்தான் தெரிந்தது.

கிரீஸ் கறையில் கை வைக்காதீர்கள். எங்கள் கிளப்பில் ஒரு மேனுவல் இருக்கிறது. மற்ற பக்கமெல்லாம் புதுசு போல, கார்புரேட்டர் பக்கம் மட்டும் கட்டைவிரல் ரேகையாக இருக்கும். ஓரத்தில் பென்சிலில் ‘ஒன்றரைச் சுற்று’ என்று எழுதி, அடித்து, ‘ஒன்றேகால்’ என்று திருத்தியிருக்கிறார் யாரோ. அந்த வண்டி அவரை என்ன பாடு படுத்தியது என்று எந்த ரசீதும் இப்படிச் சொல்லாது. கண்காட்சியில் நான் வைப்பது அந்தப் பக்கத்தைத்தான், அதுவும் நகலை. ஜன்னலோரம் கூடவே கூடாது. காகிதத்துக்கும் கலர் போட்டோவுக்கும் 50 லக்ஸ் வெளிச்சம் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) தாராளம். ஒருமுறை வெளுத்தது திரும்பாது.

மெழுகுத்துணி:
பேட்ஜுக்கு ரொம்ப வருத்தப்படாதீங்க, நாங்க எல்லாரும் ஒண்ணாவது தேய்ச்சுக் கெடுத்தவங்கதான். 1920களின் பிற்பகுதியில் குரோம் பரவும்வரை கார்களில் நிக்கல் பூச்சுதான். மெல்லிசு, பாலிஷ் போடுற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். மீதி பேட்ஜ்களை மெத்தென்ற பிரஷ்ஷால் தூசி தட்டி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு லேசா பூசுங்க, போதும். எனாமல் (கண்ணாடி மாதிரி இருக்கிற கலர் பூச்சு) உடைஞ்ச இடத்தில் தண்ணி படக் கூடாது. கெடுத்த பேட்ஜையும் மறைக்காம, என்ன ஆச்சுன்னு பதிவேட்டில் எழுதிடுங்க.

கோப்பையையும் ஹாரனையும் ஒரே அலமாரியில் பூட்டாதீங்க. ரப்பரில் இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிடும்.

ஆறு வோல்ட்:
கடிகாரத்தை யாரும் கவனிக்கலையா? முள்ளிலும் எண்ணிலும் பழுப்பு மஞ்சள் பூச்சு இருந்தால் கதிர்வீச்சு உள்ள ரேடியமாக இருக்கலாம். இருட்டில் மின்னாவிட்டாலும் நம்பாதீர்கள். செத்தது கூடச் சேர்த்த ஒளிரும் பொருள்தான், ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. கண்ணாடியைக் கழற்றாதீர்கள், சுரண்டாதீர்கள்.

ஸ்டார்ட்டிங் ஹேண்டில்:
கடிகாரத்தில் பழுப்புப் பூச்சு இருக்கிறது! நேற்று ராத்திரி அதன் பின்மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் தேடினேன், நல்லவேளை கிடைக்கவில்லை. ஆல்பத்திலிருந்து போட்டோக்களைப் பிய்க்கலாமா?

பழைய லெட்ஜர்:
பிய்க்கக் கூடாது. முதலில் பக்கம் பக்கமாக அப்படியே படம் எடுங்கள், அடியில் எழுதியிருப்பதையும் சேர்த்து. பிறகு பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் போட்டோவுக்கு அடியில் விட்டு, ரம்பம் போல மெல்ல இழுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்டார்ட்டிங் ஹேண்டில்:
நெகட்டிவ் டப்பா இப்போது தனி அறையில். பேட்ஜின் பதிவில் ‘மேல்பூச்சு போனது, தேய்த்தது நான்’ என்று தேதியோடு எழுதிவிட்டேன். மேனுவல்களையும் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அழுக்கான பக்கம் ஒன்றேதான், கிளட்ச்.