புதுப்பிப்பு: கொம்தார் மேல் மிதக்கும் படகு

பினாங்கிலுள்ள உயரமான கொம்தார் கோபுரத்தின் மேல் மீன்பிடிப் படகு மிதப்பதுபோல் வகுப்பில் ஃபோட்டோஷாப்பில் நான் உருவாக்கிய படம் ஏன் ஒட்டுவேலையாகவே தெரிகிறது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். குறை விளிம்பில் இல்லை, வெளிச்சத்தில் இருந்தது: படகைச் சியூ ஜெட்டி என்னும் கடலோரக் குடியிருப்பில் காலையிலும் கோபுரத்தை மாலையிலும் எடுத்திருந்ததால், இரண்டின் நிழல்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் விழுந்திருந்தன. படகை இடவலமாகத் திருப்பியதும் ஒளி பொருந்திவிட்டது. ஆனால் அதன் பதிவு எண் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறிவிட்டதால், அந்தப் பகுதியை மட்டும் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில்) மீண்டும் திருப்ப வேண்டியிருந்தது. படகின் நிழலை, கீழுள்ள நிறத்தை மறைக்காமல் கருமையாக்கும் மல்டிப்ளை முறையில் சுவர்மீது மெல்லியதாக வரைந்தேன். வேண்டாத பகுதியை நீக்கியே விடும் அழிப்பானுக்குப் பதிலாக, அதை மறைக்க மட்டும் செய்யும் மாஸ்க் பயன்படுத்தச் சொன்னவர்களுக்கு நன்றி. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜெரி யூல்ஸ்மன் இத்தகைய படங்களைக் கணினியின்றி இருட்டறையிலேயே, நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிப் பதிக்கும் பல பெரிதாக்கிகளைக் கொண்டு உருவாக்கினார் என்று ஆசிரியர் சொன்னபிறகு இவ்வளவு வேலையா என்ற என் முணுமுணுப்பும் அடங்கியது. நங்கூரக் கயிற்றின் வெள்ளை ஓரம் மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது.