அடிலெய்டுக்குப் புதுசு: பரோசா பக்கம் வேலைக்குப் போகலாமா?

கேள்வி

அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். 491 விசாவில் ('ரீஜனல்' பகுதியில் தங்கி வேலை பார்க்கத் தருவது) வந்து இறங்கி ஆறு வாரம் ஆகிறது. பயோடெக் படித்துவிட்டு கோயம்புத்தூரில் ஓர் உணவுக் கம்பெனி லேபில் நாலு வருஷம் இருந்தேன். இங்கே இன்னும் எதுவும் அமையவில்லை. "வின்டேஜ் வரப்போகுது, பரோசாவுக்கு எழுதிப் போடு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வின்டேஜ் என்றால் திராட்சை அறுத்து ஒயின் போடுகிற சீசனாம். நான் குடிப்பதில்லை. மனைவி சுத்த சைவம். ஒயின் ஊரில் நமக்கு என்ன வேலை இருக்கும்? அப்படி என்னதான் இருக்கிறது என்று உலகமே அங்கே போகிறது?

பதில்

தம்பி, நான் கம்பத்துக்காரி. அப்பா பன்னீர் திராட்சை போட்டவர். பரோசாவில் ஆறு வின்டேஜ் லேபில் நின்றிருக்கிறேன், இன்றுவரை ஒரு கிளாஸ் முழுசாகக் குடித்ததில்லை. அங்கே ருசி பார்க்கச் சொன்னால் வாயில் வைத்துவிட்டுத் துப்ப வேண்டும், அதற்கென்றே வாளி இருக்கும். கம்பெனி ஆட்களும் வேலை நேரத்தில் துப்பத்தான் செய்வார்கள். குடிக்காத ஆளை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. உண்மையில் கார் ஓட்ட ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுவார்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அடிலெய்டு நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். லிண்டாக், டானுண்டா, நூரியூட்பா, ஏங்கஸ்டன் என்று நாலு சின்ன ஊர்கள், நடுவே கொடிகள். உன் விசாவுக்கு தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் 'ரீஜனல்' கணக்கில்தான் வருகிறது. அதனால் பரோசாவில் வேலை பார்ப்பதில் விசா சிக்கல் கிடையாது.

உலகம் ஏன் அங்கே போகிறது என்று கேட்டாய். கொடிக்காகத்தான். ஃபிலாக்ஸெரா என்று ஒரு பூச்சி, நம் ஊர் அசுவினிக்குத் தூரத்துச் சொந்தம். வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சியே கொடியைக் கொன்றுவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களைப் பாதிக்குமேல் காலி செய்தது. இந்த நாட்டில் 1877இல் விக்டோரியாவில், ஜீலாங் பக்கம் தெரிய வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் உஷாராகி 1899இல் சட்டமே போட்டு, வெளியிலிருந்து கொடியும் மண்ணும் வராமல் வாசலை அடைத்தார்கள். அந்தப் பூச்சி இந்த மாநிலத்துக்குள் நுழையவே இல்லை. அதனால் 1842 வாக்கில் சைலீஷியாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானிய லூத்தரன் குடும்பங்கள் நட்ட கொடிகளில் சில, இன்னும் சொந்த வேரில் நிற்கின்றன. டானுண்டாவில் லாங்மைல் தோட்டத்தில் 1843இல் நட்ட ஷிராஸ் ரகக் கொடி இன்றும் காய்க்கிறது. ஐரோப்பாவில் இப்போது பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டிய கொடிகள். ஒயின் செய்கிறவர்களுக்கு இந்தக் கிழட்டுக் கொடி ஒரு யாத்திரைத் தலம் மாதிரி.

பரோசாவில் கொடியின் வயசுக்குப் பட்டமே கொடுத்திருக்கிறார்கள், 2009இலிருந்து. 35 வயது தாண்டினால் 'பழைய கொடி', 70 தாண்டினால் 'தப்பிப் பிழைத்தது', 100 தாண்டினால் 'நூற்றாண்டுக் கொடி', 125 தாண்டினால் 'மூதாதை'. பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள்.

இன்னொரு காரணம் காலண்டர். பிரான்சிலும் இத்தாலியிலும் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். இங்கே பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை. அங்கே முடித்துவிட்டு இங்கே வந்தால் ஒரே வருஷத்தில் இரண்டு அறுவடை பார்த்துவிடலாம். தொழில் கற்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய லாபம். நான் போன முதல் வருஷம் என் ஷிஃப்டில் ஒரு பிரெஞ்சுப் பையன், ஒரு அர்ஜென்டினாப் பெண், ஒரு இத்தாலியன். பாதி நேரம் சைகையில்தான் பேச்சு.

இப்போது உன் வேலை. வின்டேஜ் லேப் என்பது உனக்குப் பழகின வேலைதான். தோட்டத்திலிருந்து ஜிப் கவரில் பழம் வரும். கவரோடு வைத்துக் கையால் நன்றாக நசுக்கி, சாற்றை வடிகட்டி, உயரமான குழாயில் ஊற்றி ஹைட்ரோமீட்டரை மெதுவாக விட வேண்டும். அது ஆடி அடங்கி நிற்கும் இடத்தில் 'போமே' என்கிற சர்க்கரை அளவைப் படித்து, வெப்பத்துக்குத் திருத்தம் போட்டு எழுத வேண்டும். ஒரு போமே என்றால் கிட்டத்தட்ட ஒரு சதவீத ஆல்கஹால் வரும் என்று கணக்கு. ஷிராஸ் 13, 14 தொட்டதும் எப்போது வெட்டலாம் என்று போன் மேல் போன் வரும். கூடவே பிஎச், அமிலம், சல்ஃபர் டைஆக்ஸைடு அளவு. அவ்வளவுதான் வேதியியல். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 12 மணி நேர ஷிஃப்ட், ராத்திரியிலும் உண்டு. பழம் சூடாகக் கூடாது என்பதற்காக மெஷின் அறுவடை நடு ராத்திரியில் நடக்கும். மூன்று மணிக்கு லாரி வந்து நிற்கும்போது தூக்கம் கண்ணைக் கட்டும். கை ஊதாவாகிவிடும், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மார்ச்சில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் பட்டுப்புடவையில் போனேன். வந்தவர்கள் நகையைப் பார்க்கவில்லை, என் நகத்தைத்தான் பார்த்தார்கள்.

செல்லாரில், அதாவது ஒயின் நொதிக்கிற டேங்குகள் இருக்கிற கூடத்தில், வேலை என்றால் ஒன்று மட்டும் மறக்காதே. நொதிக்கிற டேங்கிலிருந்து கார்பன் டைஆக்ஸைடு வரும், வாசனை தெரியாது, கீழே தங்கும். பயிற்சியில் சொல்லித் தராமல் யாரும் டேங்குக்குள் இறங்கு என்றால் இறங்காதே. வேலை போனாலும் பரவாயில்லை.

எழுதிப் போடுவதைச் செப்டம்பரிலேயே தொடங்கு. ஜனவரியில் கேட்டால் யாராவது வராமல் போன இடம்தான் மிஞ்சும். கார் இல்லாமல் முடியாது. காலர் (Gawler) என்ற ஊர் வரை ரயில் இருக்கிறது, அதற்கு மேல் பஸ் குறைவு, உன் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு ஒன்றும் ஓடாது. திரும்பி வரும்போது கங்காரு குறுக்கே பாயும், பொழுது சாய்கிற நேரமும் விடிகாலையும் மெதுவாக ஓட்டு.

கம்பெனி நேரடியாக எடுத்தால் நல்லது. என் முதல் வேலை ஓர் ஆள்பிடிக்கும் ஏஜெண்ட் மூலம். "ஏபிஎன் எடுத்துக்கோ, கையில காசு தர்றேன்" என்றான். ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்கிறவர் எடுக்கிற எண். ஊருக்குப் புதுசு, தலையாட்டினேன். சூப்பர் (ஓய்வுக்கால சேமிப்பு) பணமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை, கையில் அடிபட்டபோது கேட்க ஆளும் இல்லை. ஒரு ஷிஃப்டில் இன்னொருவன் சொல்கிற வேலையைச் செய்கிற நீ தொழிலாளி. ஒயின் தொழிலுக்கென்றே அவார்ட் (குறைந்தபட்சச் சம்பள விதி) இருக்கிறது, கேஷுவல் (நிரந்தரமில்லாத வேலை) என்றால் 25 சதவீதம் கூடுதல். சம்பளச் சீட்டு தரவில்லை என்றால் தொழிலாளர் குறை கேட்கிற அரசு அலுவலகமான ஃபேர் வொர்க் ஓம்பட்ஸ்மனிடம் கேள், பயப்படாதே.

மாணவர் விசாவில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். கல்லூரி நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். வின்டேஜ் உச்சத்தில் செமஸ்டர் தொடங்கிவிடும். கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

ஒரு பதில் கேள்வி

அக்கா, ரொம்ப நன்றி. வின்டேஜ் முடிந்தால் நிரந்தர வேலை கிடைக்குமா?

பதில்

கிடைக்கும் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். சிவப்பு ஒயின் இப்போது தேவைக்கு மேல் இருக்கிறது. 2020 கடைசியில் ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சீனா பெரிய வரி போட்டது, 2021இல் அது 218 சதவீதம் வரைக்கும் போனது. 2024 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் டேங்குகள் நிறைந்து பழத்தின் விலை விழுந்துவிட்டது. இந்த ஊர் இதை முன்பும் பார்த்திருக்கிறது. 1980களில் அரசாங்கமே காசு கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. நூறு வயசுக் கொடிகளும் போயின. அதற்குச் சற்று முன், 1979இல், பீட்டர் லேமன் என்பவர் விவசாயிகளின் பழம் வீணாகக் கூடாது என்று கடன்பட்டு ஒரு ஒயின் ஆலை தொடங்கினார். டானுண்டாவில் இன்றும் அவர் பேரைச் சொன்னால் வயசானவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள்.

வின்டேஜை உள்ளூர் அனுபவத்துக்கும் ஒரு ரெஃபரன்சுக்கும் என்று வைத்துக்கொள். அதை வைத்துப் பால், தண்ணீர், மருந்து லேப் எதற்கும் எழுதிப் போடலாம். அதிலேயே ருசி கண்டுவிட்டால் அடிலெய்டில் வெய்ட் வளாகம் இருக்கிறது. ஒயின் படிப்பும் ஆராய்ச்சியும் அங்கேதான்.

இன்னொருவர் பதில்

குறுக்கே வருகிறேன், தங்கச்சி பீரை விட்டுவிட்டது. நான் ஃபிட்டர், தூத்துக்குடிக்காரன், டேங்க் குழாய் வேலை. "நல்ல ஒயின் ஒண்ணு செய்ய நிறைய பீர் வேணும்" என்று செல்லாரில் ஒரு பழமொழி உண்டு. நாள் முழுக்க ஒயினில் மூக்கை வைத்திருந்தவன் சாயங்காலம் குளிர்ந்த பீரைத்தான் தேடுவான். பீர் செய்கிறவர்கள் ஒயின் ஊருக்கு வருவதற்கு அது மட்டும் காரணமில்லை. ஸ்டெயின்லெஸ் டேங்க் செய்கிறவன், டேங்கைக் குளிர வைக்கிற கிளைகால் திரவத்துக்குக் குழாய் போடுகிறவன், லேப், எல்லாம் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. பழைய ஓக் பீப்பாய் கிடைக்கும், ஏங்கஸ்டன் யலும்பாவில் பீப்பாய் செய்கிற பட்டறையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பீப்பாயில் பீரை ஊறப்போட்டால் தனி ருசி. சுற்றுலா ஆட்களும் தானாக வருகிறார்கள். நாலு பேர் வந்தால் ஒருத்தனுக்கு ஒயின் பிடிக்காது. அவன் அந்தப் பக்கத்துச் சின்ன பீர் ஆலை ஒன்றில் உட்கார்ந்துவிடுவான்.

நிரந்தர வேலை கேட்கிற தம்பிக்கு ஒரு வார்த்தை. திராட்சை வருஷத்துக்கு ஒரு தரம். பார்லி மூட்டையில் இருக்கிறது, பீர் பன்னிரண்டு மாசமும் காய்ச்சலாம். அடிலெய்டிலேயே, ரீஜென்சி பார்க்கில், 1862இல் தொடங்கிய கூப்பர்ஸ் பீர் ஆலை இருக்கிறது. பீருக்கான மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) அவர்களே செய்கிறார்கள். வின்டேஜ் லேப் அனுபவத்தை வைத்து அந்தப் பக்கமும் பார்.

பதில்

அண்ணன் சொன்னது சரி. தம்பி மனைவிக்கு இப்போது. சைவம் என்றால் சனிக்கிழமை காலை ஏங்கஸ்டன் உழவர் சந்தைக்கு வாருங்கள், மதியத்துக்குள் மூடிவிடுவார்கள். டானுண்டாவில் ஏபெக்ஸ் பேக்கரி, 1924இலிருந்து விறகு அடுப்பு. 'மெட்வுர்ஸ்ட்' என்று எங்கே பார்த்தாலும் அது புகையில் வாட்டிய இறைச்சி. ஒயினிலும் சைவம் பார்க்க வேண்டும், இது பலருக்குத் தெரியாது. தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஐசிங்கிளாஸ் போடுவதுண்டு. முட்டையும் பாலும் லேபிளில் இருக்கும், மீன் சமாச்சாரத்தை எழுதக் கட்டாயமில்லை. விருந்தாளிக்கு வாங்கும்போது வீகன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் செப்பெல்ட்ஸ்ஃபீல்டுக்குக் கூட்டிப் போகலாம். 1878இலிருந்து வருஷத்துக்கொரு பீப்பாயை நூறு வருஷத்துக்கு மூடி வைக்கிறார்கள். பிறந்த வருஷத்து ஒயினை ருசி பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். நம் மாமா ஒருத்தர் தன் வருஷத்தை மோந்து பார்த்துவிட்டு "கருப்பட்டி வாசம்" என்றார், அதற்கு மேல் யாரும் சரியாகச் சொல்லிக் கேட்டதில்லை. ஓட்டுகிறவர் தொடக் கூடாது. ரத்தத்தில் 0.05 தான் எல்லை, பி பிளேட் (புது லைசென்ஸ்) என்றால் பூஜ்யம்.

கடைசியாக ஷூ. மெல்போர்னிலிருந்து என் நாத்தனார் குடும்பம் வந்தபோது, முந்தின வாரம் விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் சுற்றிய அதே ஷூவோடு ஒரு வரிசைக்குள் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். யாராவில் 2006இலிருந்து அந்த ஃபிலாக்ஸெரா பூச்சி இருக்கிறது, ஷூ மண்ணோடு வந்துவிடும். தோட்டத்துச் சொந்தக்காரர் யூட்டில் (பிக்கப் வண்டி) பறந்து வந்தார். திட்டவில்லை. "இந்தக் கொடி என் தாத்தாவோட தாத்தா வச்சது" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. வேலிக்கு வெளியே நின்று எடுங்கள். விக்டோரியாவிலிருந்து பழம் கொண்டுவராதீர்கள், மாநில எல்லைப் பக்கம் யாம்பா சோதனைச் சாவடியில் எல்லாவற்றையும் தொட்டியில் போடச் சொல்வார்கள்.

அம்மா வந்தது ஜூலையில். கம்பத்தில் வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். இங்கே மழையில் கறுத்த முண்டுகளாக இலையே இல்லாமல் நின்றன, ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "பந்தல் எங்கேடி? எல்லாம் செத்துப்போச்சா?" என்றாள். தூங்குது, கவாத்து பண்ணியிருக்காங்க என்றேன். நம்பவில்லை. அடுத்த தடவை பிப்ரவரியில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறாள்.