கோத்தகிரி பிக்கப்: எஃப்.சி. முடிய 19 நாள், ஹேண்ட் பிரேக் நிக்கல. முதல்ல எதைச் செய்யணும்?

கோத்தகிரி பிக்கப்:

வணக்கம்ங்க. அப்பாவோட பிக்கப்பை நாலு மாசமா நான்தான் ஓட்டுறேன். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். திரும்பி வரும்போது உர மூட்டை. 2016 ஆகஸ்ட்ல பதிவான வண்டி, டி.என். 43, மஞ்சள் போர்டு. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா ஓட்டுறதை விட்டுட்டாரு.

நேத்து இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடும்போதுதான் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியா இருக்குதுங்கற சான்றிதழ்) முடியற தேதியைப் பார்த்தேன். இன்னும் 19 நாள்தான் இருக்குது. எப்பவும் ரெண்டு வருஷம்தானே கொடுப்பாங்கன்னு நான் நிம்மதியா இருந்துட்டேன். போன தடவை ஒரே வருஷம்தான் போட்டிருக்காங்க. அப்பாவைக் கேட்டா அவருக்கும் காரணம் தெரியல.

இன்னொண்ணு. வீட்டுக்கு முன்னாடி இருக்கிற ஏத்தத்துல ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுத்தாலும் வண்டி மெதுவாப் பின்னாடி போகுது. அப்பா சீட்டுக்குக் கீழ ஒரு தேக்குக் கட்டை வெச்சிருப்பாரு, கயிறு கட்டி. எங்க நிறுத்தினாலும் பின் டயருக்கு அதைக் கொடுத்துட்டுத்தான் இறங்குவாரு. நானும் அதையேதான் செய்யறேன். லோடோட கீழே இறங்கினா பெடல் கொஞ்சம் ஆழமாப் போகும். மண்டியில அரை மணி நேரம் நின்னதும் சரியாயிடும், அதனால அதைப் பெருசா எடுத்துக்கல.

தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர், "பேப்பரைக் கொடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்"ங்கறாரு. கொடுக்கலாமா? ஹேண்ட் பிரேக்கை கேபிள் டைட் பண்ணிக் காட்டினாப் போதுமா?

ஊட்டி பழைய டிரைவர்:

தம்பி, ஒரு வருஷம் ஏன்னு மட்டும் நான் சொல்றேன். புது சரக்கு வண்டிக்கு முதல் எஃப்.சி. ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் வண்டிக்கு எட்டு வயசு ஆகற வரைக்கும் ரெண்டு ரெண்டு வருஷம். எட்டைத் தாண்டிட்டா வருஷா வருஷம் காட்டியே ஆகணும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 62வது விதி இது. உங்க வண்டி 2016. போன தடவை காட்டினப்போ எட்டு முடிஞ்சிருக்கும். இனிமே வருஷத்துக்கு ஒருக்கா கணக்கு வெச்சுக்கங்க.

தேதி முடிஞ்ச மறுநாளே அந்த வண்டி சட்டப்படி பதிவு இல்லாத வண்டி மாதிரிதான். முதல் தடவை பிடிச்சா 2,000 ரூபாய்க்குக் குறையாம 5,000 வரைக்கும் அபராதம் போடலாம். அதை விடப் பெரிய கஷ்டம் விபத்துன்னு ஒண்ணு வந்தா. எஃப்.சி. இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ்காரங்க பணம் கொடுக்கத் தகராறு பண்ணுவாங்க. முடியற அன்னிக்கு ஓடாம இந்த வாரமே விண்ணப்பம் போட்டுடுங்க. ஒரு தடவை திருப்பி அனுப்பினாலும் சரி பண்ணி மறுபடி காட்ட நாள் இருக்கும்.

குன்னூர் பட்டறை:

தம்பி, எஃப்.சி.யை ஒரு நிமிஷம் ஓரமா வைங்க. கடைசியில போற போக்குல ஒண்ணு சொல்லியிருக்கீங்களே, கீழே இறங்கினா பெடல் ஆழமாப் போகுது, நின்னா சரியாகுதுன்னு. எனக்கு அதைப் படிச்சதும் திக்குன்னு இருந்துச்சு. நாளைக்கு லோடு ஏத்தாதீங்க.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். நம்ம ஊர்ல வருஷத்துல பாதி நாள் மஞ்சும் மழையும்தான். புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரி வேணும். ஈரம் ஏறின ஆயில் 140லயே கொதிச்சிடும். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். லோடோட பிரேக்லயே காலை வெச்சு இறங்கினா சூடு வீல் சிலிண்டர் (சக்கரத்துக்குள்ள பிரேக்கைத் தள்ளற சின்ன உருளை) வரைக்கும் ஏறி உள்ள ஆயில் கொதிச்சு ஆவி ஆகுது. பெடலை மிதிச்சா அந்த ஆவிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. மண்டியில ஆறினதும் ஆவி மறுபடி ஆயிலாயிடும், பெடல் நல்லாயிருக்கற மாதிரி தெரியும். பெடல் அடிவரைக்கும் போயிடற நாளும் வரும். அன்னிக்குக் கொண்டை ஊசி வளைவுல நீங்க என்ன செய்ய முடியும்?

கடைசியா எப்போ பிரேக் ஆயில் மாத்தினீங்க? மேல ஊத்தி நிரப்பினது கணக்கு இல்ல. பழசை முழுக்க வெளியேத்தி நாலு சக்கரத்துலயும் ஏர் எடுத்தாத்தான் (குழாய்ல சிக்கின காத்தை வெளியேத்தினாத்தான்) மாத்தினதா அர்த்தம். மலை வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல விடவே கூடாது.

அடுத்தது ஹேண்ட் பிரேக். கேபிளை டைட் பண்றது சும்மா கண்ணைக் கட்டற வேலை. ரெண்டு பின் டிரம்மையும் கழட்டச் சொல்லுங்க. நீங்க பக்கத்துலயே நில்லுங்க. லைனிங் (டிரம்மை உரசி வண்டியை நிறுத்தற பட்டை) எவ்வளவு மிச்சம், டிரம்ல பள்ளம் விழுந்திருக்குதா, வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பார்த்தா உள்ள ஈரம் இருக்குதா, இதையெல்லாம் உங்க கண்ணால பாருங்க. ஆயில் ஊறின லைனிங்கைப் பெட்ரோல்ல கழுவி மறுபடி போட்டுக் கொடுப்பாங்க, ஒத்துக்காதீங்க. ரெண்டு பக்கமும் புதுசு போடணும். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா மழையில வண்டி இழுக்கும். முதல்ல லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி வைக்கிற அட்ஜஸ்டரைச் சரி பண்ணணும், கடைசியிலதான் கேபிளை. வரிசை மாறினா லைனிங் டிரம்மை உரசிட்டே ஓடும், சூடு இன்னும் கூடும்.

கேபிள் உறைக்குள்ள துருப்பிடிச்சிருந்தா கிரீஸ் அடிச்சு ஓட்டாதீங்க, மாத்திடுங்க. இங்க மஞ்சுல அது ஒட்டிக்கிட்டு, விட்டாலும் திரும்ப வராம நிக்கும்.

இறங்கும்போது, ஏறறதுக்கு எந்த கியர் போடுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. பிரேக்கை விட்டு விட்டு அடிங்க.

கூடலூர் மேக்ஸி கேப்:

பட்டறை அண்ணன் சொன்னதுக்கு அப்புறம் வண்டியைப் பத்திப் பேச எதுவும் இல்ல. பேப்பர் பக்கத்தை நான் சொல்றேன். நானும் வீட்டுக்காரரும் பன்னிரண்டு வருஷமா ரெண்டு மேக்ஸி கேப் ஓட்டறோம். எஃப்.சி. வேலை முழுக்க என்னோடதுதான்.

விண்ணப்பம் அரசோட பரிவாகன் இணையதளத்துலதான். வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரோட கடைசி அஞ்சு இலக்கமும் போட்டா உள்ள போகலாம். அங்கதான் பாதிப் பேர் மாட்டுவாங்க. ஓ.டி.பி. வண்டியோட பதிவு பண்ணின போன் நம்பருக்குத்தான் போகும். உங்க வண்டி அப்பா பேர்ல இருக்குது. அவரோட பழைய சிம் இன்னும் உயிரோட இருக்குதா? இல்லேன்னா போன் நம்பரை மாத்தற வேலையை முதல்ல முடிங்க. எங்களுக்கு அதுலயே ஒரு வாரம் போச்சு.

உள்ள போறதுக்கு முன்னாடி வரி பாக்கி, பசுமை வரி, சலான் பாக்கி மூணையும் பாருங்க. ஏழு வருஷம் தாண்டின போக்குவரத்து வண்டிக்குப் பசுமை வரி உண்டு. எப்பவோ கேமராவுல விழுந்த 500 ரூபாய் சலான் ஒண்ணு போன தடவை எங்களை நிறுத்தி வெச்சுது. இன்சூரன்சும் புகை சர்டிபிகேட்டும் நடப்புல இருக்கணும். பெர்மிட் விஷயம் ஆர்.சி.யில இருக்கிற மொத்த எடையைப் பொறுத்தது. 3,000 கிலோவுக்குள்ள இருந்தா சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்ல. கட்டணம் அங்கேயே காட்டும், வண்டிக்கு வயசு ஏற ஏற அதுவும் ஏறும். தேதி தாண்டினா ஒரு நாளுக்கு 50 ரூபாய் கூடுதல்னு விதியில இருக்குது. வண்டியைக் காட்ட நாளும் நேரமும் ஒதுக்கின ரசீதைப் பிரிண்ட் எடுத்து வைங்க.

புரோக்கர்கிட்ட பேப்பரைக் கொடுக்காதீங்க தம்பி. நாங்க 2019ல ஒருத்தர்கிட்ட 4,000 ரூபாய் கொடுத்தோம். வண்டியை யாருமே பார்க்காமலே வேலை முடிஞ்சுது. மூணாவது மாசம் நடுவட்டம் இறக்கத்துல ஸ்டியரிங் ராடு ஆட்டம் கண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க பதினொரு பேரோட வண்டி ஓரத்து மண்ணுல ஏறி நின்னுச்சு. ஒரு பிள்ளைக்கும் அடி படல. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. அதுக்கப்புறம் எங்க ரெண்டு வண்டியையும் நானே கூட்டிட்டுப் போறேன், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னாடி நானே நிக்கறேன். ஒவ்வொண்ணா எனக்குக் காட்டுங்கன்னு கேக்கறேன். யாரும் கோபிச்சதில்ல.

வண்டியைத் திருப்பி அனுப்பினா என்ன குறைன்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. மோட்டார் வாகனச் சட்டத்துலயே, 56வது பிரிவுல, காரணத்தை எழுத்துல தரணும்னு இருக்குது.

ஊட்டி பழைய டிரைவர்:

அங்க என்னென்ன பாப்பாங்கன்னும் சொல்லிடறேன். ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், ஹாரன், வைப்பர், கண்ணாடி, ஸ்பீடோ மீட்டர். ஸ்டியரிங்ல 30 டிகிரிக்கு மேல ஆட்டம் இருக்கக் கூடாது. டயர்ல பட்டன் (மேல இருக்கிற வரிப்பள்ளத்தோட ஆழம்) 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்க. பிரேக்குக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல வந்து மிதிச்சா 13 மீட்டருக்குள்ள நிக்கணும். ரேடியம் ஸ்டிக்கர் முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு, பக்கவாட்டுல மஞ்சள். உரிஞ்சு தொங்கினாலும் திருப்பி விடுவாங்க. 2015 அக்டோபருக்கு அப்புறம் தயாரான சரக்கு வண்டிக்கு ஸ்பீடு கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தற கருவி) கம்பெனியிலேயே வரும், யாரும் வயரைக் கழட்டி விட்டிருக்காங்களான்னு பாருங்க. காலி வண்டியாக் கழுவி எடுத்துட்டுப் போங்க. சேறு படிஞ்ச சேசிஸ் நம்பரைத் தேய்ச்சுட்டு நிக்க வேண்டாம்.

கேத்தி வாசி:

நடுவுல ஒரு சந்தேகம். எங்க கார் 2011 மாடல், வெள்ளை போர்டு. இதுக்கும் வருஷா வருஷமா?

கூடலூர் மேக்ஸி கேப்:

இல்லைங்க. சொந்த வண்டிக்குப் பதிவு தேதியில இருந்து 15 வருஷம். அது முடியறதுக்கு முந்தின 60 நாளுக்குள்ள படிவம் 25ல புதுப்பிக்கணும். அப்போ வண்டியைப் பார்த்து அஞ்சு வருஷத்துக்குக் கொடுப்பாங்க. உங்க ஆர்.சி. தேதியை இன்னிக்கே பாருங்க, கிட்ட வந்திருக்கும்.

கோத்தகிரி பிக்கப், மூணு நாள் கழிச்சு:

அண்ணா, லோடை நிறுத்திட்டேன். பக்கத்து வண்டியில ஏத்தி அனுப்பறோம். டிரம்மைக் கழட்டும்போது கூடவே நின்னேன். இடது பின் வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கினதும் ஆயில் சொட்டுச்சு. அந்தப் பக்கத்து லைனிங் கறுத்துப் போய் விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது. வலது பக்கம் அட்ஜஸ்டர் துருப்பிடிச்சு அசையவே இல்ல. அப்பாவும் கைத்தடியோட வந்து உக்காந்து பார்த்தாரு. பழைய ஆயிலை வெள்ளைக் கப்புல பிடிச்சுக் காட்டினாங்க, கட்டன் காப்பி நிறம். கடைசியா எப்போ மாத்தினதுன்னு கேட்டேன். அப்பா ரொம்ப நேரம் யோசிச்சாரு, பதில் சொல்லல.

ரெண்டு பக்கமும் லைனிங், ரெண்டு வீல் சிலிண்டர், ஹேண்ட் பிரேக் கேபிள், ஆயில் எல்லாம் புதுசு போட்டாச்சு. இப்போ அந்த ஏத்தத்துலயே இழுத்து விட்டா அசையாம நிக்குது. ஆனா புகை சோதனையில அளவு கூட வருது. 2.45க்குள்ள வரணுமாம், 2.9 காட்டுது. இன்ஜின் வேலை வருமோன்னு பயமா இருக்குது.

குன்னூர் பட்டறை:

ரொம்ப நிம்மதி தம்பி. புகைக்கு அதுக்குள்ள பயப்படாதீங்க. 2.45ங்கறது பாரத் ஸ்டேஜ் புகை விதியில பி.எஸ். 3 வண்டிக்கான அளவு, பி.எஸ். 4க்கு 1.62. மலை மேல காத்து மெலிசு, ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கொஞ்சம் அடைச்ச ஏர் ஃபில்டர் கீழே தெரியாது, இங்க புகையா வந்து நிக்கும். ஃபில்டரை மாத்துங்க, டர்போ குழாய் எங்கேயாவது பிளந்திருக்குதான்னு பாருங்க. இன்ஜின் நல்லா சூடேறினதும், ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு, சோதனைக்கு விடுங்க. அப்படியும் கூட வந்தா இன்ஜெக்டரைப் பாப்போம்.

கோத்தகிரி பிக்கப், ஒன்பது நாள் கழிச்சு:

எஃப்.சி. ஆயிடுச்சுங்க. ஃபில்டர் மாத்தினதும் புகை 1.8 வந்துச்சு. அப்பாவோட பழைய சிம் போயிடுச்சு, கூடலூர் அக்கா சொன்ன மாதிரி நம்பரை மாத்த மட்டும் நாலு நாள் ஆச்சு. முதல் நாள் திருப்பி விட்டாங்க. வலது ஹெட்லைட் வெளிச்சம் மேல நோக்கி அடிக்குது, பின் டோர்ல ரேடியம் பாதி உரிஞ்சிருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. மறுநாள் சரி பண்ணிக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் உக்காந்து ஓட்டிப் பார்த்து ஒரே மிதியில நிறுத்தினாரு. ஹேண்ட் பிரேக்கை சரிவுல வெச்சுப் பார்த்தாரு. புரோக்கருக்கு ஒரு பைசா கொடுக்கல. நேத்து லோடோட மேட்டுப்பாளையம் இறங்கினேன், ரெண்டாவது மூணாவது கியர்லயே. கீழே போய் மிதிச்சுப் பார்த்தேன், பெடல் மேலேயே நிக்குது. கட்டையைச் சீட்டுக்குக் கீழ இருந்து எடுக்க அப்பா விடல. நானும் எடுக்கல.

உங்க எல்லாருக்கும் நன்றிங்க. பட்டறை அண்ணா, அந்தப் பெடல் விஷயத்தை நீங்க பிடிக்கலேன்னா நான் மறுநாள் ஒண்ணரை டன் கேரட்டோட இறங்கியிருப்பேன்.

குன்னூர் பட்டறை:

சந்தோஷம் தம்பி. 500 கிலோமீட்டர் ஓடினதும் பின் பிரேக்கை ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, புது லைனிங் டிரம்ல உக்காந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கற தூரம் கூடும். அப்போ இடது பின் சக்கரத்தோட உள்பக்கத்தையும் தடவிப் பாருங்க. ஈரமா இருந்தா உடனே கூப்பிடுங்க.