மைட்டர் சாவில் ஸ்கர்ட்டிங், பீடிங் வெட்டும்போது துண்டு தெறிப்பதும் மூலையில் இடைவெளி விழுவதும்

கேள்வி: புதுமனை

வணக்கம். வீட்டின் அறைகளுக்குச் சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டைகளையும், கதவு நிலைகளைச் சுற்றிப் பீடிங்கையும் (மெல்லிய அலங்காரப் பட்டை) நானே பொருத்தி வருகிறேன். இந்த வேலைக்காக 10 அங்குல பிளேடு கொண்ட, தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும் வகை மைட்டர் சா (மரத்தை வேண்டிய கோணத்தில் வெட்டும் ரம்ப இயந்திரம்) ஒன்றைப் பயன்படுத்திய நிலையில் வாங்கினேன். இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் சில சிக்கல்கள் தொடர்கின்றன.

வெட்டி முடித்து, பிளேடு உள்ள தலையை மேலே தூக்கும்போது, ஓரத்தில் கிடக்கும் சிறு துண்டு பெரும் சத்தத்துடன், மரத்தைச் சாய்த்து வைக்கும் தடுப்பான ஃபென்ஸின் பின்பக்கம் தெறித்து விழுகிறது. அடுத்து, வெட்டிய இடத்தின் விளிம்பில், குறிப்பாகப் பீடிங்கில், சிராய் பெயர்கிறது. மூன்றாவதாக, இரண்டு பட்டைகளையும் துல்லியமாக 45 டிகிரியில் வெட்டியும், உள்மூலையில் சேர்த்தால் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள முன்பக்கம் திறந்து நிற்கிறது.

பிளேடை மூடும் காப்பு மூடியும் சில சமயம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதைக் கம்பியால் மேலே கட்டிவிட்டால் வெட்டும் கோடு தெளிவாகத் தெரியும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்யலாமா? பராமரிப்பாக நான் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மூலைமட்டம்

வணக்கம். முதலில் காப்பு மூடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது சரியாகும் வரை அந்த இயந்திரத்தில் நீங்கள் ஒரு வெட்டுகூட வெட்டக் கூடாது. அந்த மூடியை எக்காரணம் கொண்டும் கட்டி வைக்காதீர்கள். தலையை இறக்கும்போது தானாகத் திறந்து, தூக்கும்போது தடையின்றி மூடிக்கொள்வதுதான் அதன் வேலை. பாதியில் நிற்கிறது என்றால், பெரும்பாலும் அதன் சுழல் முனையில் மரப்பிசினும் தூளும் இறுகியிருக்கும், அல்லது திரும்ப இழுக்கும் சுருள்வில் தளர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியின் ஓரங்களையும் சுழல் முனையையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து பாருங்கள். அப்படியும் தயங்கினால் சுருள்வில்லை மாற்றியாக வேண்டும். கோடு தெரியவில்லை என்பதற்கு, மூடி தெளிவாக இருக்கும்படி துடைத்து வைப்பதே தீர்வு.

துண்டு தெறிப்பதும் சிராய் பெயர்வதும் தனித்தனிச் சிக்கல்கள் போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். வெட்டு நடக்கும்போது மரத்தின் ஏதோ ஒரு பகுதிக்குப் பின்னால் தாங்கல் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தால், மைட்டர் சாவின் பிளேடு உங்கள் பக்கத்தில் கீழிறங்கி, அடியில் ஃபென்ஸை நோக்கி ஓடி, பின்பக்கம் மேலேறுகிறது. வெட்டி முடிந்த பின், சுழன்றுகொண்டிருக்கும் பிளேடை நீங்கள் தூக்கினால், மேலேறும் அந்தப் பின்பற்கள் பிடிப்பில்லாமல் கிடக்கும் துண்டைக் கவ்வி, ஃபென்ஸின் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் திணித்து வீசிவிடுகின்றன. ஆகவே வரிசையை மாற்றுங்கள். விசையை அழுத்தி, பிளேடு முழு வேகத்துக்கு வந்த பிறகே மரத்தைத் தொடுங்கள், நிதானமாக இறக்குங்கள், வெட்டு முடிந்ததும் தலையைக் கீழேயே பிடித்துக்கொண்டு விசையை விடுங்கள், பிளேடு முற்றிலும் நின்ற பிறகே தூக்குங்கள். இந்தச் சில விநாடிக் காத்திருப்பு ஒன்றே தெறித்தலைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். வெட்டிய முகத்தில் திரும்பி உரசும் கோடுகளும் இதனால் விழாது.

மிச்சத்தை ஒரு துணை ஃபென்ஸ் பார்த்துக்கொள்ளும். 6 மி.மீ. பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒரு துண்டை மேசைமீதும், சற்றுத் தடித்த நேரான இன்னொரு துண்டை ஃபென்ஸின் முகத்திலும் பொருத்துங்கள். பிளேடின் பாதையில் திருகு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பலகைகளின் ஊடாகவே ஒருமுறை வெட்டினால், பிளேடின் தடிமனுக்குச் சரியான பிளவு மட்டும் எஞ்சும். சிறு துண்டு நுழைவதற்கு இனி இடைவெளி இல்லை. பற்கள் வெளியேறும் இடத்தில் நார்களுக்கும் முட்டுக்கட்டை கிடைத்துவிடுகிறது. பற்கள் வெளியேறுவது அடிப்பக்கத்திலும் ஃபென்ஸ் பக்கத்திலும்தான். எனவே கண்ணுக்குத் தெரிய வேண்டிய முகம் எப்போதும் மேலே அல்லது உங்களை நோக்கி இருக்கட்டும். பலகையில் தெரியும் அந்தப் பிளவு, பென்சில் கோட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்றும் காட்டிக்கொடுக்கும். ஆனால் 45 டிகிரிக்கும் நேர்வெட்டுக்கும் ஒரே பலகையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் நடுவே அகலமாகத் தின்றுபோகும் என்பதால், பலகைகளை அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும்.

உங்களுடையது நகரும் வகை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அகலமான பட்டையை வெட்டும்போது தலையை முதலில் உங்கள் பக்கம் இழுத்து, ஓடவிட்டு, கீழிறக்கி, பிறகு ஃபென்ஸை நோக்கித் தள்ளி வெட்டுங்கள். இழுத்துக்கொண்டே வெட்டினால் பிளேடு மரத்தின்மீது ஏறி உங்களை நோக்கிப் பாயக்கூடும்.

கைகள் பிளேடின் பாதையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. தள்ளியே இருக்க வேண்டும். ஒரு கையின்மேல் இன்னொரு கையைக் குறுக்கே போட்டுப் பிடிக்காதீர்கள். மூலைகளை முடிப்பதற்கு வேண்டிய விரலளவுத் துண்டுகளை, நீண்ட பட்டையின் முனையிலிருந்து வெட்டி எடுங்கள். ஏற்கெனவே குட்டையான துண்டைக் கையில் பிடித்து வெட்டாதீர்கள், கிளாம்ப் போடுங்கள். வளைந்த பட்டையாக இருந்தால், புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொடும்படி வையுங்கள். வெட்டும் கோட்டுக்குப் பின்னால் இடைவெளி இருந்தால், வெட்டு முடியும் தறுவாயில் மரம் மடங்கிப் பிளேடை நெருக்கிவிடும். கையுறை, தளர்ந்த சட்டைக்கை, மோதிரம் எதுவும் வேண்டாம்.

பதில்: இழைப்புளி

மூலை இடைவெளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் சா சரியாகத்தான் வெட்டுகிறது என்று நினைக்கிறேன். சுவர்தான் 90 டிகிரியில் இல்லை. உள்மூலையில் பின்பக்கம் ஒட்டி முன்பக்கம் திறந்தால், அந்த மூலை 90 டிகிரிக்கு மேல் விரிந்திருக்கிறது என்று பொருள். 18 மி.மீ. தடிமனுள்ள பட்டையில் 2 டிகிரி வேறுபாடு முன்பக்கத்தில் ஏறத்தாழ 0.9 மி.மீ. இடைவெளியாகத் தெரியும். பெயிண்ட் அடித்தாலும் அது கண்ணை உறுத்தும்.

கோண அளவியால் மூலையை அளந்து 92 டிகிரி என்று கண்டால், பாதி 46 என்று சாவை 46-க்குத் திருப்பிவிடுவோர் பலர். அப்படிச் செய்தால் இடைவெளி இரட்டிப்பாகும். சாவின் அளவுகோலில் பூச்சியம் என்பது நேர்வெட்டு. ஆகவே 90-இலிருந்து 46-ஐக் கழித்து 44-இல் வைக்க வேண்டும். மூலை 88 டிகிரி என்றால் 46. வெளிமூலைக்கும் இதே கணக்குத்தான். எண்ணில் குழப்பம் இருந்தால், வீணான இரு துண்டுகளை வெட்டி மூலையில் வைத்துப் பாருங்கள். நல்ல பட்டையைத் தொடுவதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அனுபவம் உள்ளவரும் இதைச் செய்வது நல்லது.

எனினும் சாவையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பழைய இயந்திரத்தில் 45-இல் சாவை நிறுத்திப் பிடிக்கும் பள்ளம் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. அகலமான, இரு விளிம்புகளும் இணையாக உள்ள பலகை ஒன்றை பூச்சியத்தில் வெட்டி, ஒரு பாதியை மட்டும் கவிழ்த்து, இரண்டையும் ஃபென்ஸில் சாய்த்து வெட்டுமுகங்களைச் சேருங்கள். இடைவெளி தெரிந்தால், அது உண்மையான பிழையைப்போல இரு மடங்கு. அடுத்து, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் தலையை இறக்கி, மூலைமட்டத்தை மேசைமீது வைத்துப் பிளேடின் தட்டையான உடலில் ஒட்டிப் பாருங்கள். மட்டம் பல்லின்மேல் பட்டால் தவறான அளவு காட்டும், ஏனெனில் பல்லின் முனை உடலைவிடப் பக்கவாட்டில் புடைத்திருக்கும்.

என் தனிப்பட்ட கருத்து: நெளிவு வேலைப்பாடுள்ள ஸ்கர்ட்டிங்குக்கு உள்மூலைகளில் மைட்டர் இணைப்பையே (இரு பட்டைகளையும் சாய்வாக வெட்டிச் சேர்ப்பது) தவிர்க்கலாம். ஒரு பட்டையைச் சுவர்வரை நேராக ஓட்டி, மற்றதை 45-இல் வெட்டி, அந்த வெட்டு காட்டும் நெளிவின் விளிம்பை ஒட்டிச் சிறு கைரம்பத்தால் பின்புறமாகச் சாய்த்துக் குடைந்துவிட்டால், மூலை எந்தக் கோணத்தில் இருந்தாலும் முன்விளிம்பு நெருங்கி உட்காரும். பருவம் மாறி மரம் சுருங்கினாலும் இடைவெளி எளிதில் வெளியே தெரியாது. நேரம் கூடுதலாகும், ஆனால் நான் அதையே விரும்புவேன்.

பதில்: கார்பைடு

பிளேடைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இயந்திரத்துடன் வருவது பெரும்பாலும் சட்டக் கட்டை அறுப்பதற்கான குறைந்த பற்கள் கொண்ட பிளேடு. பீடிங் வேலைக்கு 10 அங்குலத்தில் 60 முதல் 80 பற்களும், 12 அங்குலத்தில் 80 முதல் 100 பற்களும் உள்ளது தேவை. பல்லின் முன்சாய்வுக் கோணம் பூச்சியத்தை ஒட்டியோ, அதற்குக் கீழோ இருக்கட்டும். டேபிள் சாவுக்கான பிளேடுகளில் அது அதிகமாக இருப்பதால், நகரும் தலையில் போட்டால் மரத்தைக் கவ்வி இழுக்கும். பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்சச் சுழற்சி வேகம், உங்கள் சாவின் வேகத்தைவிடக் குறையக் கூடாது.

வெட்டும்போது கருகிய நிறமும் புகையும் வந்தால், பிளேடு மொக்கையாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பற்களின் பக்கத்தில் பிசின் படிந்திருந்தாலும் இதே விளைவுதான். பிளேடைக் கழற்றி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். சுத்தமான பற்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். பல்லின் நுனியில் ஒட்டியிருக்கும் கடினமான கார்பைடு முனை ஒன்று பெயர்ந்திருந்தாலும், உடலில் விரிசல் தெரிந்தாலும் அந்தப் பிளேடைத் திரும்பப் பூட்டக் கூடாது.

விசையை விட்ட பிறகு பிளேடு நிற்க முன்பைவிட நேரமெடுத்தால் கார்பன் பிரஷ்களை (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள்) பாருங்கள். அவை தேய்ந்தால் மின்பிரேக்கும் வலுவிழக்கும். குறியிட்ட எல்லைவரை தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தண்டவாளங்களுக்கு எண்ணெய் பூசாதீர்கள், தூள் ஒட்டிக் கறுத்த பசையாகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, உலர்வகை மசகு சிறிதளவு போதும்.

தூளைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. தூள்பையுடன் வாக்குவமும், முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசமும் வேண்டும். சத்தத்துக்கும் இதே கவனம் தேவை. 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பான எல்லை என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இந்த இயந்திரங்கள் அந்த அளவை எளிதில் தொடுகின்றன. ஆகவே ஒரே ஒரு வெட்டுக்கும் காதுக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடியைச் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி: புதுமனை

மூவருக்கும் மிக்க நன்றி. பிளக்கைப் பிடுங்கி மூடியைத் துடைத்ததில், சுழல் முனையில் பழைய பிசின் கட்டியாக வந்தது. இப்போது முழுதாக மூடுகிறது. வாசல் அறையின் மூலையை அளந்ததில் 91.5 டிகிரி காட்டியது, ஆகவே 44.25-இல் வெட்டிப் பார்க்கப் போகிறேன். பிளேடைக் கழற்ற முயன்றால் மட்டும் நடுப் போல்ட் அசையவே இல்லை. இன்னும் பலமாகத் திருப்பினால் உடைந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன்.

பதில்: மூலைமட்டம்

நிறுத்தியது நல்லது. பெரும்பாலான மைட்டர் சாக்களில் அந்தப் போல்ட் இடமறை கொண்டது, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். சுழல்தண்டைப் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, போல்ட்டை நேராகப் பார்த்தபடி கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் கழன்றுவிடும். உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் அதை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது பிளேடிலும் மூடியிலும் உள்ள அம்புக்குறிகள் ஒரே திசையைக் காட்ட வேண்டும். இரு வாஷர்களின் முகத்தில் ஒட்டியிருக்கும் தூளையும் துடைத்துவிடுங்கள், அங்கே ஒரு சிறு துணுக்கு சிக்கினாலும் பிளேடு ஆடும். போல்ட்டை இறுக்கிய பின் பூட்டுப் பொத்தான் வெளியே வந்துவிட்டதா என்று கையால் பிளேடைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, காப்பு மூடி இறங்கியிருப்பதையும் உறுதிசெய்துகொண்டு பிளக்கைச் செருகுங்கள். முதல் தடவை மரம் எதுவும் வைக்காமல், பக்கவாட்டில் விலகி நின்று சில விநாடிகள் ஓடவிட்டு, அதிர்வோ உரசல் சத்தமோ வருகிறதா என்று கவனியுங்கள்.